வாயைக் கட்டாமல் எடை குறையுமா? உடற்பயிற்சியை மட்டும் நம்புவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சாப்பாட்டில் கை வைக்காமல், உடற்பயிற்சியால் மட்டும் எடையைக் குறைக்க முடியுமா?

முடியும். ஆனால் கேட்பவர் மனத்தில் வைத்திருக்கும் அளவுக்குக் குறையாது. அவர் நினைப்பதைவிட அதிகப் பயிற்சியும் தேவைப்படும். "வாயைக் கட்ட என்னால் ஆகாது, எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் நடக்கிறேன்" என்பவர்கள் நிறையப் பேர். அவர்களிடம் முதலில் சொல்ல வேண்டியது இது: சாப்பாட்டை மாற்றாமல் இருப்பது வேறு, சாப்பாட்டைக் கண்டுகொள்ளாமல் இருப்பது வேறு. பயிற்சி தொடங்கிய சில வாரங்களில் சாப்பாடு தானாகவே கூடத் தொடங்கும். நேற்றுவரை சாப்பிட்ட அதே அளவில் நிற்பதற்கே கொஞ்சம் கவனம் வேண்டும். அந்தக் கவனம் இருந்தவர்களுக்குக் கிலோ கணக்கில் குறைந்திருக்கிறது. இல்லாதவர்கள் மாதக்கணக்கில் வியர்த்தும், எடை மெஷினில் அதே எண்ணைத்தான் பார்க்கிறார்கள்.

இதற்கு ஆதாரம் உண்டா? "பயிற்சியால் எடை குறையாது" என்று மருத்துவர்களே சொல்கிறார்களே?

இரண்டு பக்கமும் ஆய்வுகள் உண்டு. அவற்றை அருகருகே வைத்துப் பார்த்தால்தான் விஷயம் விளங்கும்.

2000-ஆம் ஆண்டில் கனடாவில் ராபர்ட் ராஸ் குழுவினர் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். உடல் பருமனான ஆண்கள் சிலரைப் பிரித்து, ஒரு பிரிவினரின் உணவில் தினம் 700 கலோரி குறைத்தார்கள். இன்னொரு பிரிவினர் உணவை அப்படியே வைத்துக்கொண்டு, தினம் 700 கலோரி எரியும்வரை டிரெட்மில்லில் வேகமாக நடந்தார்கள் அல்லது மெதுவாக ஓடினார்கள். மூன்று மாதம் கழித்து இரண்டு பிரிவினருக்கும் சுமார் ஏழரைக் கிலோ குறைந்திருந்தது. பயிற்சிப் பிரிவில் கரைந்த கொழுப்பு கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது.

அதற்கு முன்பே, 1994-இல் குளோட் புஷார் குழுவினர் ஏழு ஜோடி ஒத்த இரட்டையர்களைத் தங்கவைத்து, அளந்த உணவைக் கொடுத்து, தினம் இருமுறை சைக்கிள் மிதிக்க வைத்தார்கள். மொத்தம் 93 நாள். பயிற்சி நாட்களில் 1,000 கலோரி எரிந்தது. சராசரியாக 5 கிலோ குறைந்தது. ஆனால் ஒருவருக்கு 1 கிலோ, இன்னொருவருக்கு 8 கிலோ என்று ஏகப்பட்ட வித்தியாசம். ஒரே ஜோடிக்குள் மட்டும் அந்த வித்தியாசம் குறைவாக இருந்தது. உணவும் பயிற்சியும் ஒன்றாக இருந்தாலும் உடல்வாகு தன் பங்கைக் காட்டிவிடுகிறது.

இந்த இரண்டிலும் கவனிக்க வேண்டியது, யாரோ ஒருவர் சாப்பாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்பது. அந்தக் கண்காணிப்பை எடுத்துவிட்டால் கதை மாறுகிறது. 2013-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், எடை கூடிய இளைஞர்களும் இளம்பெண்களும் பத்து மாதம், வாரத்துக்கு ஐந்து நாள் பயிற்சி செய்தார்கள். சாப்பாடு அவரவர் விருப்பம். ஒருமுறைக்கு 400 கலோரி எரித்தவர்களுக்குச் சராசரியாக 3.9 கிலோவும், 600 கலோரி எரித்தவர்களுக்கு 5.2 கிலோவும் குறைந்தன. பயிற்சியின் அளவு பெரிது. பயிற்சியைப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ளவும் ஆள் இருந்தார்கள். அப்படியும் காகிதக் கணக்கில் வர வேண்டியதில் பாதிகூட வரவில்லை.

2019-இல் இன்னோர் ஆய்வு, 24 வாரம். அதில் குறைந்த அளவு பயிற்சி செய்தவர்களுக்கு அரைக் கிலோகூடக் குறையவில்லை. கூடுதலாகச் செய்தவர்களுக்கு ஒன்றரைக் கிலோ. எரித்ததெல்லாம் எங்கே போனது என்று தேடிப் பார்த்தார்கள். உடல் சும்மா இருக்கும்போது ஆகும் ஆற்றல் செலவு பெரிதாக மாறவில்லை, மற்ற நேர நடமாட்டமும் குறையவில்லை. இரு பிரிவினரும் தங்களை அறியாமல் ஒரு நாளைக்குச் சுமார் 100 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டிருந்தார்கள்.

ஆகவே "பயிற்சியால் எடை குறையாது" என்ற வாக்கியத்தில் ஒரு சொல் விட்டுப்போயிருக்கிறது. பயிற்சியால் எடை தானாகக் குறையாது.

ஒரு கிலோ குறைய எவ்வளவு பயிற்சி செய்ய வேண்டும்?

ஒரு கிலோ உடல் கொழுப்பில் ஏறத்தாழ 7,700 கலோரி இருக்கிறது. (இந்தப் பக்கத்தில் கலோரி என்று சொல்வதெல்லாம் உணவுப் பொட்டலங்களில் அச்சாகும் கிலோ கலோரிதான்.)

80 கிலோ எடையுள்ளவர் மணிக்கு ஐந்தரைக் கிலோமீட்டர் வேகத்தில் 45 நிமிடம் நடக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 260 கலோரி அளவில் செலவாகும். ஆனால் அந்த 45 நிமிடம் அவர் சும்மா உட்கார்ந்திருந்தாலும் 60 கலோரி செலவாகியிருக்கும். அதைக் கழித்தால் நடையால் கிடைத்த லாபம் 200. வாரத்துக்கு ஆறு நாள் என்றால் 1,200. ஒரு கிலோவுக்கு ஆறு வாரத்துக்கு மேல் ஆகும், அதுவும் சாப்பாடு ஒரு கவளம்கூடக் கூடாமல் இருந்தால்.

அதே 45 நிமிடத்தை மணிக்கு 8 கிலோமீட்டர் வேகத்தில் ஓடிக் கழித்தால் நிகர லாபம் சுமார் 440. சமதரையில் ஓரளவு வேகமாகச் சைக்கிள் மிதித்தால் 350. நிதானமாக நீந்தினால் 300. மெதுவான யோகாசனங்களுக்கு 90 போலத்தான் வரும். யோகாவால் வேறு நன்மைகள் உண்டு. எடைக் கணக்கில் மட்டும் அதை நம்பி உட்கார வேண்டாம்.

அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி 2009-இல் வெளியிட்ட நிலைப்பாட்டை இதற்கு ஒரு குறுக்கு வழியாக வைத்துக்கொள்ளலாம். வாரத்துக்கு 150 நிமிடத்துக்குக் குறைந்த பயிற்சியால் எடை அநேகமாகக் குறையாது. 150-ஐத் தாண்டினால் 2 முதல் 3 கிலோ. 225 முதல் 420 நிமிடம் என்றால் 5 முதல் 7.5 கிலோ. அதாவது உணவைத் தொடாமல் எடையைக் குறைக்க நினைப்பவருக்குத் தினம் அரை மணி நேரம் தொடக்கம்தான். ஒரு மணி நேரத்தை நோக்கிப் போக வேண்டும்.

கணக்குப்படி நான்கு கிலோ குறைந்திருக்க வேண்டும். ஒன்றரைக் கிலோதான் குறைந்திருக்கிறது. மீதி எங்கே?

மூன்று இடங்களில் தேடலாம்.

முதலாவது தட்டு. 30 கிராம் நிலக்கடலை ஒரு கைப்பிடி, 170 கலோரி. மேலே சொன்ன 45 நிமிட நடை கிட்டத்தட்ட அதிலேயே தீர்ந்துவிடுகிறது. "இன்றைக்கு நடந்தாயிற்று, ஒன்று சாப்பிட்டால் என்ன" என்று தோன்றும் அந்த நிமிடத்தில்தான் பெரும்பாலான கணக்குகள் கவிழ்கின்றன. இது மனபலம் இல்லாதவர்களின் குறை என்று நான் நினைக்கவில்லை. உழைத்த உடலுக்குக் கூலி கேட்கத் தோன்றும்.

இரண்டாவது, மிச்ச நாள். காலையில் ஒரு மணி நேரம் ஓடிவிட்டு வந்தவரைக் கவனித்துப் பாருங்கள். சோபாவில் சாய்ந்தவர் மதியம்வரை எழுந்திருக்க மாட்டார். மாடியில் இருக்கும் சார்ஜரை எடுத்துவரப் பிள்ளையை அனுப்புவார். வழக்கமாக நடந்து போகும் தெருமுனைக்கு வண்டியை எடுப்பார். கேட்டால், "காலையிலேயே ஓடிவிட்டேனே" என்பார். பயிற்சி என்று பெயர் சூட்டாத இந்தச் சில்லறை அசைவுகளின் கூட்டுத்தொகை லேசானதல்ல. ஜேம்ஸ் லெவைன் குழுவினர் 1999-இல் 16 பேருக்கு எட்டு வாரம் தினம் 1,000 கலோரி கூடுதலாகக் கொடுத்துப் பார்த்தார்கள். அதிகபட்சமாக ஒருவருக்கு நாலு கிலோவுக்குச் சற்று மேல் கொழுப்பு சேர்ந்தது. இன்னொருவருக்கு அரைக் கிலோகூடச் சேரவில்லை. வித்தியாசத்துக்குப் பெரும் காரணம், எழுவது, நிற்பது, கை காலை ஆட்டுவது, அங்குமிங்கும் போவது போன்ற தன்னிச்சையான அசைவுகள் ஒவ்வொருவருக்கும் எவ்வளவு கூடின என்பதுதான்.

மூன்றாவது இடம் உடலுக்குள்ளேயே இருக்கிறது. தான்சானியாவில் வேட்டையாடியும் கிழங்கும் தேனும் சேகரித்தும் வாழும் ஹட்ஸா மக்களின் ஆற்றல் செலவை ஹெர்மன் பான்ட்சர் குழுவினர் அளந்து 2012-இல் வெளியிட்டார்கள். அங்கே ஆண்கள் தினம் 11 கிலோமீட்டர் நடக்கிறார்கள். ஆனாலும், உடல் அளவைக் கணக்கில் எடுத்துப் பார்த்தால், அலுவலக நாற்காலியில் நாளைக் கழிக்கும் அமெரிக்கரைவிட அவர்கள் அதிகமாக எரிக்கவில்லை. உழைப்பு கூடும்போது உடல் வேறு உள்வேலைகளில் சிக்கனம் பிடித்து, மொத்தச் செலவை ஓர் எல்லைக்குள் வைத்துக்கொள்ளப் பார்க்கிறது என்பது பான்ட்சரின் விளக்கம். அந்தச் சிக்கனம் எவ்வளவு தூரம் போகும் என்பதில் ஆய்வாளர்களிடையே இன்னும் வாதம் இருக்கிறது. முழுவதையும் உடல் ஈடுகட்டிவிடுவதில்லை என்பதற்கு மேலே பார்த்த கனடா ஆய்வே சாட்சி.

இவை தவிர, எடை குறையக் குறைய அதே தூரத்தை நடக்கக் குறைந்த கலோரியே போதும். தொடக்கத்தில் போட்ட கணக்கு ஆறாம் மாதத்தில் பொருந்தாது.

பயிற்சி செய்தால் பசி கூடுமா, குறையுமா?

மூச்சு வாங்கும் அளவுக்குப் பயிற்சி செய்த உடனே பசி மட்டுப்படும். பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் அந்த நேரத்தில் குறைகிறது. இது ஓரிரு மணி நேரச் சமாசாரம். நாள் கணக்கில், வாரக் கணக்கில் பார்த்தால் ஆளுக்கு ஆள் மாறும். சிலருக்குப் பசி கிள்ளும். சிலருக்கு எந்த மாற்றமும் தெரியாது.

இதில் ஒரு பழைய ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. 1956-இல் ஜான் மேயரும் அவருடைய சகாக்களும் மேற்கு வங்கத்துச் சணல் ஆலை ஒன்றில் வேலை செய்தவர்களைப் பார்த்தார்கள். மூட்டை தூக்கியவர்கள் நிறையச் சாப்பிட்டார்கள். அதில் ஆச்சரியம் இல்லை. ஆனால் உட்கார்ந்தே வேலை பார்த்தவர்கள், லேசான வேலை செய்தவர்களைவிட அதிகம் சாப்பிட்டார்கள், எடையும் அதிகம் இருந்தது. உடல் அசைவே இல்லாமல் போனால் பசியின் அளவுகோல் பிசகிவிடுகிறது என்பது அவர்களின் முடிவு. இன்று கணினி முன் பத்து மணி நேரம் இருப்பவர்களுக்கு இது அப்படியே பொருந்தும். கொஞ்சம் நடமாடத் தொடங்கினாலே சிலருக்குக் கொறிப்பது குறைவதை இதோடு சேர்த்துப் பார்க்கலாம்.

சாப்பாட்டைக் குறைக்கவும் வேண்டாம், கூட்டவும் வேண்டாம் என்றால், அதை எப்படி உறுதி செய்வது? எடை போட்டுச் சாப்பிட வேண்டுமா?

வேண்டாம். பயிற்சி தொடங்குவதற்கு முன் ஒரு வாரம், வழக்கமாகச் சாப்பிடுவதை எதையும் திருத்தாமல் செல்போனில் படம் எடுத்து வையுங்கள். காபி, டீ, இடையில் வாயில் போட்டது எல்லாம். இரண்டு மாதம் கழித்து இன்னொரு வாரம் அதேபோல் எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தட்டு பெரிதாகியிருந்தால் படம் காட்டிக்கொடுத்துவிடும்.

அதே தட்டு, அதே கரண்டி. பயிற்சி முடிந்து ஒரு மணி நேரத்துக்குள் வழக்கமான உணவு வேளை வருமாறு நேரத்தை அமைத்துக்கொண்டால், "பயிற்சிக்குப் பிந்தைய சிற்றுண்டி" என்று புதிதாக ஒரு வேளை முளைக்காது. இந்தப் புது வேளைதான் பெரிய ஆபத்து. புரோட்டீன் பவுடர் கலந்த பாலும் அதில் சேரும். உடலுக்கு நல்லது என்ற பெயரில் உள்ளே போவதைப் பலர் கணக்கிலேயே எடுப்பதில்லை.

அரை லிட்டர் குளிர்பானத்தில் 50 கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்கும், 200 கலோரி. விளையாட்டு வீரர்களுக்கென விற்கும் பானங்களும் பெரும்பாலும் சர்க்கரைத் தண்ணீர்தான். ஒரு மணி நேரத்துக்குக் குறைந்த பயிற்சிக்குச் சாதாரணத் தண்ணீர் போதும்.

ஸ்மார்ட் வாட்ச் 500 கலோரி என்று காட்டுகிறது. நம்பலாமா?

இதயத் துடிப்பை ஓரளவு நம்பலாம், கலோரியை நம்ப வேண்டாம். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஏழு கைக்கருவிகளைச் சோதித்து 2017-இல் வெளியிட்டார்கள். கலோரிக் கணக்கில் இருந்தவற்றிலேயே துல்லியமானதுகூட 27 விழுக்காடு பிசகியது. மிக மோசமானது 93 விழுக்காடு.

ஜிம்மில் டிரெட்மில் திரையும் அப்படித்தான். சரிவை ஏற்றி வைத்துவிட்டு, முன்கம்பியை இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கிக்கொண்டே நடப்பவரைப் பார்த்திருப்பீர்கள். அவருடைய எடையில் ஒரு பங்கைக் கம்பி தாங்குகிறது. அது திரைக்குத் தெரியாது. மலை ஏறியதாகவே கணக்கு எழுதும். வாட்ச் காட்டும் எண்ணைப் பார்த்து அதற்குச் சமமாகச் சாப்பிடுவதுதான் இருப்பதிலேயே மோசமான பழக்கம். நேற்றைக்கும் இன்றைக்கும் ஒப்பிட மட்டும் அந்த எண்ணை வைத்துக்கொள்ளுங்கள்.

எந்தப் பயிற்சி நல்லது?

அடுத்த வருடமும் செய்துகொண்டிருக்கக்கூடியது. ஓட்டத்தில் நிமிடத்துக்கு அதிகம் எரியும் என்பது உண்மை. ஆனால் 95 கிலோவில் முதல் வாரமே ஓடத் தொடங்கி, மூன்றாம் வாரம் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் எரிந்ததெல்லாம் அந்த மூன்று வாரத்தோடு சரி. கனமான உடம்புக்கு நடை, சைக்கிள், நீச்சல் மூன்றும் பாதுகாப்பானவை. கனமானவர் நடக்கும்போது அதே தூரத்துக்கு அதிகக் கலோரி செலவாகிறது என்பதையும் மறக்க வேண்டாம். தொடக்கத்தில் அவருக்கு நடையே போதும்.

வேகம் சரியா என்று பார்க்கக் கருவி வேண்டியதில்லை. நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. நடை எளிதாகிவிட்டால் மேடான பாதை, படிக்கட்டு, இடையிடையே ஒரு நிமிட ஓட்டம் என்று ஏற்றிக்கொண்டே போகலாம்.

எடை தூக்கினால் தசை வளர்ந்து, தூங்கும்போதும் கொழுப்பு எரியும் என்கிறார்களே?

கொஞ்சம் எரியும். ஒரு கிலோ தசை ஓய்வில் ஒரு நாளைக்கு எரிப்பது சுமார் 13 கலோரி. ஒரு கிலோ கொழுப்பு எரிப்பது நாலரை. மாதக்கணக்கில் பாடுபட்டு 2 கிலோ தசை சேர்த்தாலும் தினம் 26 கலோரிதான் கூடும். ஒரு சின்ன பிஸ்கட். ஜிம் விளம்பரங்களில் இதை ஊதிப் பெரிதாக்கிச் சொல்கிறார்கள்.

ஆனாலும் எடைப் பயிற்சியை விட்டுவிடச் சொல்ல மாட்டேன். எடை குறையும்போது கொழுப்போடு தசையும் சேர்ந்து கரைகிறது. வாரத்துக்கு இரண்டு நாள் டம்பெல்ஸ், ஸ்குவாட், புஷ்-அப் என்று ஏதாவது செய்தால் தசை பெரும்பாலும் தங்கும். நாற்பதைக் கடந்தவர்களுக்கு இது கட்டாயம் என்பேன்.

தீவிரப் பயிற்சி முடிந்த பிறகும் பல மணி நேரம் கலோரி எரியுமாமே?

எரியும், ஆனால் பயிற்சியின்போது செலவானதில் 6 முதல் 15 விழுக்காடு அளவுக்குத்தான். 300 கலோரிப் பயிற்சிக்கு 20 முதல் 45. தீவிரப் பயிற்சியின் உண்மையான லாபம் நேரம் மிச்சமாவது. மூச்சுத்திறனும் சீக்கிரம் கூடும்.

நிறைய வியர்த்தால் நிறையக் குறையுமா?

குறைவது தண்ணீர். இரண்டு டம்ளர் குடித்ததும் திரும்பிவிடும். கொழுப்பு வெளியேறுவது பெரும்பாலும் மூச்சு வழியாகத்தான். 10 கிலோ கொழுப்பு முழுதாக எரிந்தால் 8.4 கிலோ கரியமில வாயுவாகவும் 1.6 கிலோ நீராகவும் வெளியேறும் என்று 2014-இல் வெளியான ஒரு கணக்கீடு காட்டியது. பிளாஸ்டிக் உடுப்பை மாட்டிக்கொண்டு ஓடுவதில் பயன் இல்லை, வெப்பத்தாக்கு அபாயம் உண்டு.

எனக்குத் தொப்பை மட்டும் குறைந்தால் போதும். எந்தப் பயிற்சி செய்யலாம்?

வயிற்றுப் பயிற்சியால் வயிற்றுத் தசை வலுப்படும். அதற்கு மேல் படிந்திருக்கும் கொழுப்பு அதனால் தனியாகக் கரையாது. டென்னிஸ் வீரர்களின் இரு கைகளையும் 1971-இல் அளந்து பார்த்தார்கள். ஆடும் கை சுற்றளவில் பெரிதாக இருந்தது, ஆனால் தோலடிக் கொழுப்பின் தடிமன் இரு கைகளிலும் ஒன்றுதான். வருடக்கணக்கில் ஒரு கையை மட்டும் உழைக்க வைத்தும் இப்படி.

நல்ல செய்தியும் இருக்கிறது. நடை, ஓட்டம் போன்ற பயிற்சிகளில், குடலையும் கல்லீரலையும் சுற்றிப் படியும் உள்கொழுப்பு நன்றாகவே குறைகிறது. எடை மெஷினில் மாற்றம் தெரியாதபோதே இது நடக்கலாம். கனடா ஆய்வில் இன்னொரு பிரிவினர் பயிற்சியும் செய்து, அதற்கு ஈடாகக் கூடுதல் உணவும் சாப்பிட்டு எடையை மாறாமல் வைத்துக்கொண்டார்கள். அவர்களுக்கும் உள்கொழுப்பு குறைந்திருந்தது.

அதனால் எடை மெஷினோடு ஓர் அளவு நாடாவும் வைத்துக்கொள்ளுங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவே நாடாவைச் சுற்ற வேண்டும். வயிற்றை உள்ளே இழுக்கக் கூடாது. மூச்சைச் சாதாரணமாக வெளியே விட்டுவிட்டு, நாடா தோலைத் தொடும் அளவுக்கு மட்டும் பிடித்து எண்ணைப் பார்க்க வேண்டும். கண்ணாடி முன் நின்றால் நாடா முதுகுப்பக்கம் கீழே இறங்கியிருக்கிறதா என்பது தெரியும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, காலையில், சாப்பிடும் முன்.

இரண்டு வாரமாக ஒழுங்காகச் செய்கிறேன். எடை ஒரு கிலோ கூடியிருக்கிறது. ஏன்?

பெரும்பாலும் தண்ணீர். புதிதாக உழைக்கும் தசைகள் கிளைக்கோஜன் என்ற மாவுச்சத்தைக் கூடுதலாகச் சேமிக்கும். அதில் ஒவ்வொரு கிராமும் சுமார் 3 கிராம் நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வலிக்கும் தசைகளிலும் நீர் கோக்கும். இரத்தத்தின் நீர்ப்பகுதியும் கூடும். இரண்டு வாரத்தில் ஒரு கிலோ தசை வளர்ந்துவிட்டது என்று யாராவது ஆறுதல் சொன்னால் நம்ப வேண்டாம், அவ்வளவு வேகமாகத் தசை வளராது. ஆறு வாரம் கழித்து எடையைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

வெறும் வயிற்றில் செய்தால் அதிகம் குறையுமா?

அந்த ஒரு மணி நேரத்தில் கொழுப்பு சற்று அதிகம் எரியும். பிற்பாடு உடல் அதைச் சரிக்கட்டிவிடும். வாரக் கணக்கில் பார்த்தால் வித்தியாசம் தெரிவதில்லை. உங்களுக்கு எந்த நேரம் தவறாமல் வாய்க்கிறதோ அதுவே நல்ல நேரம்.

தினம் 10,000 அடி நடந்தால் போதுமா?

இந்த எண் 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு நடை எண்ணும் கருவியின் பெயரிலிருந்து பரவியது. மருத்துவக் கணக்கு எதுவும் அதற்குப் பின்னால் இல்லை. தினம் 4,000 அடி நடந்துகொண்டிருந்தவர் 10,000-க்குப் போனால் பலன் தெரியும். வேலை நிமித்தம் ஏற்கெனவே 10,000 நடப்பவருக்கு அதே எண்ணில் புதிதாக எதுவும் குறையாது. இப்போதைய அளவுக்கு மேல் எவ்வளவு கூட்டுகிறீர்கள் என்பதைப் பாருங்கள்.

வயதாகிவிட்டது, மெட்டபாலிசம் குறைந்துவிட்டது. இனி நடந்து பயன் உண்டா?

பிறந்த குழந்தை முதல் 95 வயதுவரை ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் அளவீடுகளைத் தொகுத்து 2021-இல் வெளியிட்டார்கள். உடல் அளவையும் தசை அளவையும் கணக்கில் எடுத்தால், ஆற்றல் செலவு 20 வயதிலிருந்து 60 வயதுவரை கிட்டத்தட்ட மாறவில்லை. அதற்குப் பிறகுதான் மெல்லக் குறைகிறது. நாற்பதில் விழும் தொப்பைக்கு மெட்டபாலிசத்தைக் குற்றம் சொல்வது அநியாயம். நடமாட்டம் குறைந்ததையும் தசை இளைத்ததையும் பாருங்கள். இரண்டையும் பயிற்சியால் திருப்ப முடியும்.

ஆறு மாதம் செய்தும் எடை குறையவில்லை. விட்டுவிடலாமா?

எடைக்காக மட்டும் செய்தீர்கள் என்றால் சாப்பாட்டுப் பக்கம் திரும்ப வேண்டிய நேரம் வந்துவிட்டது; வேறு வழி சொல்லத் தெரியவில்லை. பயிற்சியை விடுவதற்கு அது காரணமாகாது. உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு மேல் அளவு 5 முதல் 8 புள்ளிவரை இறங்கக்கூடும். ஒருநாள் பயிற்சியே இன்சுலின் வேலை செய்யும் திறனை ஒன்றிரண்டு நாளுக்குக் கூட்டுகிறது. கல்லீரல் கொழுப்பு குறைகிறது. இவை எதற்கும் எடை குறைந்தாக வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. எடை அப்படியே இருந்து பெல்ட்டில் ஒரு துளை உள்ளே போயிருந்தால் அதையும் தோல்வி என்று எழுத முடியாது.

குறைந்த எடை திரும்ப ஏறாமல் இருக்குமா?

பயிற்சி தன் முழுப் பலத்தைக் காட்டுவது இங்கேதான். அமெரிக்காவில் 1994-இல் தொடங்கிய தேசிய எடைக் கட்டுப்பாட்டுப் பதிவேட்டில், 13 கிலோவுக்கு மேல் குறைத்து ஒரு வருடத்துக்கு மேல் காத்துக்கொண்டவர்கள் சேர்ந்திருக்கிறார்கள். அவர்கள் சராசரியாகத் தினம் ஒரு மணி நேரம் பயிற்சி செய்கிறார்கள். பெரும்பாலோருக்கு அது நடைதான். அதே பதிவேட்டில் இன்னொரு தகவலும் உண்டு: எடையைக் குறைப்பதற்காக உணவில் ஏதோ ஒரு மாற்றம் செய்ததாக ஏறக்குறைய எல்லாருமே சொல்லியிருக்கிறார்கள். பயிற்சியை நிறுத்தினால், சாப்பாடு அதே அளவில் இருக்கும்வரை எடை பழைய இடத்துக்கு ஏறும்.

தொடங்கும் முன் மருத்துவரைப் பார்க்க வேண்டியவர்கள் யார்?

நடக்கும்போது நெஞ்சில் அழுத்தம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, தலைச்சுற்றல், வழக்கத்துக்கு மாறான மூச்சுத்திணறல் உள்ளவர்கள் பார்த்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும். இதய நோய், சிறுநீரக நோய் உள்ளவர்களும், கருவுற்றவர்களும் அப்படியே. இன்சுலின் ஊசி போடுபவர்கள், சல்ஃபோனைல்யூரியா வகைச் சர்க்கரை மாத்திரை சாப்பிடுபவர்கள் பயிற்சி கூடும்போது சர்க்கரை தாழ்ந்து மயங்க வாய்ப்புண்டு. அவர்களுக்கு மருந்தின் அளவை மாற்ற வேண்டிவரலாம். அதை மருத்துவரிடம் கேட்டுத்தான் செய்ய வேண்டும். நடக்கப் போகும்போது பையில் குளுக்கோஸோ மிட்டாயோ இருக்கட்டும்.

சாப்பாடு கூடவில்லை என்று படங்களும் சொல்கின்றன, பயிற்சியும் தவறவில்லை, ஆனாலும் எடை ஏறிக்கொண்டே போகிறது என்றால் தைராய்டு பரிசோதனை செய்துகொள்ளுங்கள். ஸ்டீராய்டு, சில மனநல மருந்துகள், இன்சுலின் ஆகியவையும் எடையைக் கூட்டும். மருந்துச் சீட்டைக் கையோடு கொண்டுபோய்க் கேளுங்கள். நீங்களாக நிறுத்திவிட வேண்டாம்.